ஆசீர் கூப்பிட்டிருந்தான்

புஷ்பம் குளித்துவிட்டு ஈரத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து போனைப் பார்த்தபோது அதில் ஆசீரின் பெயர் இருந்தது. ஒன்பது நாற்பதுக்குக் கூப்பிட்டிருக்கிறான். ஒரே தடவை. இப்போது மணி பத்து ஐந்து. கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். அதே பெயர்தான். அவள் கணவர் தங்கதுரை உயிரோடு இருந்தபோது பழைய போனில் பதிந்து கொடுத்த பெயர். புதுப் போன் வாங்கினபோது கடைக்காரர் எல்லா எண்களையும் இதற்கு மாற்றிவிட்டு, வேண்டாததை அழித்துவிடவா அம்மா என்று கேட்டார். எல்லாம் இருக்கட்டும் என்றாள். எல்லாம் என்று சொன்னபோது அவள் மனசில் இருந்தது ஒரே எண்தான், அது அந்தக் கடைக்காரருக்கு எப்படித் தெரியும். கூடப்பிறந்த தம்பி. இருப்பது அவன் ஒருத்தன். பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. நல்ல நாளுக்கு இல்லை, கிறிஸ்துமஸுக்கு இல்லை, தங்கதுரை இறந்தபோதுகூட அவன் வரவில்லை, வரவில்லை என்று சொல்ல முடியாது, அவள் சொல்லியனுப்பவில்லை. சொல்லியனுப்பாமல் எப்படி வருவான். அவள் போனை மேடையில் வைத்தாள். பக்கத்து வீட்டு தில்ஷாத் காலையில் ஒடித்துக் கொடுத்த முருங்கைக்கீரை கட்டுக் கட்டாகக் கிடந்தது, வெயில் ஏறினால் வதங்கிவிடும். சுளகை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். இரண்டு நிமிஷம் கழித்து எழுந்து போய்ப் போனை எடுத்துவந்து முட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

அவன் கூப்பிட மாட்டான். அதுதான் விஷயம். ஆசீர் கூப்பிடவே மாட்டான், அவனைத் தெரியாதா அவளுக்கு, அடி வாங்கினாலும் வாயைத் திறக்காத பிள்ளை. அப்படியானால் அவன் போனை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள். ஒரு மனுஷன் கிடக்கும்போதுதான் அவன் போன் இன்னொருத்தர் கைக்குப் போகும். தங்கதுரை போனபோது அவருடைய போனை அவள்தான் வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள், பால்காரர் வரைக்கும். ஆசீர் வீட்டிலும் அப்படி யாராவது, அவன் பெஞ்சாதி ஷீலாவோ, மகளோ, மேலிருந்து கீழே வந்துகொண்டிருக்கலாம். அக்கா என்று போட்டிருந்தால் ஆங்கிலத்தில் முதலில் வரும், புஷ்பம் என்று போட்டிருந்தால் பாதிக்குக் கீழே. எப்படிப் போட்டு வைத்திருப்பான். கீரைக் கொத்தை இடது கையில் பிடித்து, காம்பின் நுனியிலிருந்து விரலால் உருவிக் கீழே இழுத்தால் இலை சுளகில் பொலபொலவென்று விழும், ஆனால் இளங்காம்பும் கூடவே விழும், அதைத் தனியாகப் பொறுக்க வேண்டும். அவள் பொறுக்கினாள். ஆனால் அப்படி ஏதாவது என்றால் ஒரு தடவையோடு விட மாட்டார்கள். மறுபடியும் கூப்பிடுவார்கள். துக்கம் சொல்கிறவர்கள் எடுக்கிற வரைக்கும் அடிப்பார்கள். ஒரு தடவையோடு விட்டிருக்கிறார்கள் என்றால் அவள் பெயரைப் பார்த்ததும் ஷீலா, ஐயோ இவளுக்குச் சொல்லக்கூடாதில்லா என்று வைத்திருப்பாள். சொல்லக்கூடாது என்று சொன்னது யார். இவள்தான். ஊர் கூடியிருந்த இடத்தில், சாட்சிக்கு நூறு பேரை வைத்துக்கொண்டு, நீ செத்தாலும் எனக்குச் சொல்லியனுப்ப வேண்டாம்ல என்று. அந்த வாயை என்ன செய்வது. வார்த்தை வாய்க்குள்ளே இருக்கும் மட்டும்தான் நமக்குச் சொந்தம் என்று அம்மா சொல்லுவாள். அந்த அம்மாவைப் புதைத்த இடத்தில் நின்றுகொண்டுதான் அதைச் சொன்னாள்.

அன்றைக்கு அவள் வந்து சேரும்போது பன்னிரண்டே முக்கால். அம்மா முந்தின நாள் மத்தியானம் இறந்துவிட்டாள், சேதி வந்த கையோடு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினாள், தங்கதுரைக்கு ரயில்வே ஸ்டேஷனில் டியூட்டி, மாற்றிவிட ஆள் கிடைக்கவில்லை, தனியாகத்தான் ஏறினாள். வந்துக்கிட்டு இருக்கேம்ல என்று வழியெல்லாம் போன் செய்தாள். சரிக்கா, வா என்று அவனும் ஒவ்வொரு தடவையும் சொன்னான். சாத்தூர் தாண்டி ரயில் நின்றது. மழை. தண்டவாளத்தில் என்னவோ கோளாறு. இரண்டரை மணி நேரம் ஒரு வேலிக்கருவேல மரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதன் ஒவ்வொரு கிளையும் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, போனில் சார்ஜ் போய்விட்டது. திருநெல்வேலியில் இறங்கி வாடகைக் கார் பிடித்து, தேரிக்காட்டுச் செம்மண் சேறாகிக் கிடந்த ரோட்டில் ஊருக்குள் வந்து, வீட்டு வாசலில் சவப்பெட்டி இல்லை, பந்தல் இருக்கிறது, நாற்காலிகள் இருக்கின்றன, நாற்காலிகளில் ஆளில்லை. அப்படியே கல்லறைத் தோட்டத்துக்கு ஓடினாள். மண் மூடி மேடு கட்டியாகிவிட்டது. ஈர மண்ணில் யாரோ மண்வெட்டியின் பின்பக்கத்தால் தட்டிச் சீராக்கிக்கொண்டிருந்தார்கள், அந்தத் தட்டுகிற சத்தம், தப் தப் என்று. ஆசீர் வேட்டியெல்லாம் சேறாக நின்றான். அக்கா என்றான். அவ்வளவுதான் சொன்னான். அதற்கு மேல் அவள் சொல்ல விட்டாளா. அம்மை முகத்த எனக்குக் காட்டாமப் பொதச்சிட்டியல்லல, நீ எனக்குத் தம்பி இல்லல. அப்புறம் அந்த மற்ற வார்த்தை. அவன் ஒன்றும் பேசவில்லை. பேசியிருக்கலாம். மழை, கரண்ட் இல்லை, பெட்டிக்கு ஐஸ் கிடைக்கவில்லை, போதகருக்கு அடுத்த ஊரில் இன்னொரு அடக்கம் என்று ஏதாவது. சொல்லியிருந்தால் அவள் கேட்டிருப்பாளா என்பது வேறு. அவள் வந்த காரிலேயே திரும்பினாள். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. தாகம் என்றால் அப்படி ஒரு தாகம், ஒரு வாய் தண்ணீர் கேட்கவில்லை.

வெளியே கேட் சத்தம் கேட்டது. அவள் கை போனுக்குப் போனது, பிறகுதான் அது தில்ஷாத் என்று தெரிந்தது. கொழுக்கென்று, எப்போதும் அவசரமாக இருக்கிற பெண், ஜன்னல் வழியாகவே தலையை நீட்டினாள். "அக்கா, உங்க குக்கர் ரப்பர் குடுங்களேன், எங்களது லூசாயிடுச்சு. என்ன, இன்னும் கீரைய வச்சிக்கினு உக்காந்திருக்கீங்க? பாதி கூட ஆயல." "ஆயணும்," என்றாள் புஷ்பம். "மொகம் ஏன் ஒரு மாரியா இருக்குது? ஒடம்பு சரியில்லையா? யாருனா போன் பண்ணாங்களா?" போன் முட்டுக்குப் பக்கத்தில் கிடப்பதை அவள் பார்த்துவிட்டாள். "ராங் நம்பர்," என்றாள் புஷ்பம். குக்கர் ரப்பரை எடுத்துக் கொடுத்தாள். தில்ஷாத் போன பிறகும் அந்த வார்த்தை சமையலறையில் நின்றது. ராங் நம்பர். சொந்தத் தம்பியை. இந்தப் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, யோசிக்கவே வேண்டாம், கேட்ட மாத்திரத்தில் நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது. பதினொரு வயசிலும் இப்படித்தான் வந்தது. கிணற்றடியில் ஒரு பொம்பளை கேட்டாள், இவள் சொன்னாள். அதை இப்போது நினைக்கக் கூடாது. கீரை ஆய வேண்டும். ஜோலார்பேட்டையில் எந்த நேரமும் ஏதாவது ஒரு ரயில் போய்க்கொண்டேதான் இருக்கும், முதலில் வந்தபோது ராத்திரியெல்லாம் தூக்கம் வராது, இப்போது ரயில் சத்தம் கேட்காவிட்டால்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. ஒரு சரக்கு வண்டி போனது. பெட்டிகளை எண்ணத் தொடங்கி, எண்ணிக்கை விட்டுப்போய், எண்ணிக்கை என்றதும் அதுவே வந்துவிட்டது, அவள் எண்ணினாள், ஆசீர் கயிற்றை இழுத்தான்.

கோடை விடுமுறை. அவளுக்குப் பதினொன்று, அவனுக்கு எட்டு. ஊர் என்றால் எழுபது வீடும் ஒரு வேதக்கோயிலும்தான், சுற்றிலும் சிவப்பு மணலும் பனையும். கோயிலில் மணி அடிக்கிற எலியாசர் மத்தியானம் பதநீர் குடிக்கப் போனால் இரண்டு மணி நேரம் வர மாட்டார், மணிக்கூண்டுக் கதவைக் கயிறு கட்டி வைத்துவிட்டுப் போவார். அந்தக் கயிற்றை அவிழ்ப்பது ஒரு வேலையா. அவிழ்க்கலாம் என்று சொன்னது அவள். துக்க மணி அடிக்கலாம் என்று சொன்னதும் அவள்தான், ஆராதனை மணி என்றால் சும்மா டண் டண் என்று அடிப்பது, அதில் என்ன இருக்கிறது, துக்க மணிக்குத்தான் கணக்கு, ஒரு அடி, பத்து எண்ண வேண்டும், மறுபடி ஒரு அடி. ஆசீருக்குப் பயம். "அக்கா, அடிப்பாவக்கா." "ஒருத்தருக்கும் தெரியாதுல, அடிச்சிட்டு உடங்காட்டுக்குள்ள ஓடிருவோம்." அவன் கயிற்றில் தொங்கினான், கால் தரையைவிட்டு எழும்பியது, மேலே மணி ஒரு தடவை முனகிவிட்டு அடித்தது. அவள் பத்து எண்ணினாள். அந்தப் பத்து எண்ணுகிற நேரத்தில் ஊர் எப்படி அடங்கிப் போனது என்பதை அவள் வாழ்க்கையில் வேறெங்கும் கேட்டதில்லை. உரலில் இடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். நாய்கூடக் குரைக்கவில்லை. எழுபது வீடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடிக்குக் காத்திருந்தது, அது அவள் எண்ணுகிற எண்ணில் இருந்தது. அது பிடித்திருந்தது. ஆமாம், பிடித்திருந்தது, இந்த வயசில் யாருக்கு மறைப்பது. ஒன்பது அடி அடித்தார்கள். பிறகு பின்பக்கமாக இறங்கி ஓடினார்கள். ஓடிப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும், எலியாசர் வந்து திட்டியிருப்பார், நாலு நாளில் சிரிப்பாகியிருக்கும். கிணற்றடி வழியாக ஓடினார்கள். அங்கே குடத்தோடு நின்ற பாக்கியத்தம்மாள் இவளைப் பிடித்து நிறுத்தினாள். "ஏட்டி, கோயில் பக்கமிருந்துதான வாற, யாருக்குட்டி அடிக்கி?" யாரு, யாரு என்று இன்னும் மூன்று பேர். யாரோ ஒரு பெயர் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு வாரமாக அம்மா குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தாள், பெரியப்பாவுக்குக் காய்ச்சல், இந்த வாட்டி தாங்குமோ என்னவோ என்று. அதுதான் நாக்கில் இருந்தது. "ஞானாபரணம் பெரியப்பாவுக்கு," என்றாள். ஆசீர் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

ஞானாபரணம் பெரியப்பா அப்பாவுக்கு ஒரே அண்ணன். அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரு மண்சுவர். ஆறு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. பெரியப்பா மகள் கல்யாணக் கடிதாசியில் அப்பாவின் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சடித்தவன் விட்டுவிட்டான் என்று அவர்கள் சொன்னார்கள், எழுதிக் கொடுத்தவன்தான் விட்டான் என்று அப்பா சொன்னார். ஒரு வரி. மாசிலாமணி என்ற ஐந்து எழுத்து. அதற்காக ஆறு வருஷம், கோயில் அசன விருந்தில்கூட ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். அன்றைக்கு அப்பா போதகர் வீட்டுக் கூரையில் இருந்தார், தச்சு வேலை அவருக்கு, இற்றுப்போன கைமரங்களை மாற்றிக்கொண்டிருந்தார். மணிச் சத்தத்துக்குக் கையை நிறுத்தி, யாராம் என்று மேலேயிருந்து கேட்டிருக்கிறார். கீழே போனவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஏணியில் அவர் இறங்கவில்லை, கூரையிலிருந்து மணலில் குதித்தார் என்று பிறகு ஊரே சொன்னது. அவளும் ஆசீரும் முள்மரம் அடர்ந்த உடங்காட்டு ஓரத்தில் பதுங்கியிருந்தபோது அவர் ஓடுவதைப் பார்த்தார்கள். செருப்பில்லை. சித்திரை மாதத்துத் தேரி மணல், காலை வைத்தால் கொப்பளிக்கும். துண்டு விழுந்துவிட்டது. அப்பா ஓடி அவர்கள் பார்த்ததே இல்லை, அவர் நடப்பதே அளந்து வைப்பது மாதிரி இருக்கும். அண்ணே அண்ணே என்று கத்திக்கொண்டு, அது பெரிய ஆளின் குரலாக இல்லை, திருவிழாக் கூட்டத்தில் கையை விட்டுவிட்ட பிள்ளையின் குரல். ஊரே வாசலில் நின்று பார்த்தது. ஆசீர் அழ ஆரம்பித்தான். இவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள், ஏன் ஓடினாள், பார்க்க வேண்டும் என்றுதான். பெரியப்பா வீட்டுப் பக்கவாட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்து ஏறி நின்றாள். உள்ளே பெரியப்பா கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார், தொட்டுக்கொள்ளத் துவையல். அப்பா வந்த வேகத்தில் அவர் காலில் விழுந்து முகத்தைப் புதைத்துக்கொண்டார். கஞ்சி சிந்தியது. பெரியப்பா ஒன்றும் புரியாமல், "என்னல, என்னல ஆச்சு, மாசிலா, ஏன் அழுத?" என்றார். ஆறு வருஷம் கழித்து அந்தப் பெயர். அப்பா தலையைத் தூக்கினார். மூக்கிலும் கண்ணிலும் வடிகிறது, உயிரோடிருக்கிற அண்ணனைப் பார்க்கிறார். பெரியப்பாவின் கை, கஞ்சி ஒட்டின வலது கை, மெல்ல எழும்பி அப்பாவின் தலைக்கு வந்துகொண்டிருந்தது. அவள் பார்த்தாள். ஒரு சாண் இருந்தது. அப்போதுதான் யாரோ சிரித்தார்கள்.

யாரோ. எத்தனை வருஷம் அவள் இதை யாரோ என்றே சொல்லிவந்திருக்கிறாள். தங்கதுரையிடம் சொன்னபோதுகூட, கூட்டத்தில் யாரோ சிரிச்சிட்டாங்க என்றுதான் சொன்னாள். வாசலில் கூட்டம் நின்றதும் உண்மை. ஆனால் சிரிப்பு வாசல் பக்கமிருந்து வரவில்லை. ஜன்னல் பக்கமிருந்து வந்தது. பயத்தில்தான் வந்தது, வயிற்றிலிருந்து கிளம்பி, வாயைப் பொத்துமுன் வெளியே வந்துவிட்டது, கிக்கென்று, கோழி கொக்கரிப்பதுபோல ஒரு சத்தம். அவளுடைய சத்தம். பக்கத்தில் நின்ற ஆசீருக்கு மட்டும் தெரியும். அப்பா எழுந்தார். முகத்தைத் துடைத்தார். பெரியப்பாவின் கை அந்தரத்தில் நின்றுவிட்டு மடியில் விழுந்தது. அப்பா யாரையும் பார்க்காமல் வெளியே வந்து, கூட்டம் விலகி வழிவிட, மணலில் நடந்து போனார், அப்போதுதான் கால் சுட்டிருக்க வேண்டும், ஒரு காலை நொண்டினார். சாயங்காலம் வீட்டில் மரம் அளக்கிற முழக்கோலை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார். மணி அடிச்சது யாரு. ஆசீர் நான்தான் என்றான். பேரச் சொன்னது யாரு, பொட்டப்பிள்ள சொன்னாள்னுல்லா பாக்கியம் சொல்லுதா. நான்தான் அக்காளச் சொல்லச் சொன்னேன் என்றான். எட்டு வயசுப் பையன். முழக்கோல் ஒடிந்தது. அம்மா குறுக்கே விழுந்து தடுத்தாள், அவன் வாயைத் திறந்து ஒரு சத்தம் போடவில்லை, இவள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பத்து பத்தாக எண்ணிக்கொண்டிருந்தாள். சிரித்தது யார் என்று மட்டும் அப்பா கேட்கவே இல்லை. அது பெரியப்பா வீட்டு ஆட்கள்தான் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் அம்மாவிடம், "அவன் வீட்டுல வச்சே சிரிச்சாவல்லா," என்றார். அவ்வளவுதான், அந்த வாக்கியத்தோடு அண்ணன் என்ற சொல்லே வீட்டிலிருந்து போய்விட்டது. அதற்கு முன்னால் இருந்தது கோபம், அது என்றைக்காவது தீர்ந்திருக்கும். இது வெட்கம். தன் பாசத்தை ஊருக்கு முன்னால் வேட்டி அவிழ்ந்ததுபோலப் பார்த்துவிட்டார்கள் என்ற வெட்கம், அது தீரவில்லை. இருபத்திரண்டு வருஷம். பெரியப்பாவுக்கு நிஜமாகவே மணி அடித்த அன்று புஷ்பம் கரு கலைந்து அம்மா வீட்டில் படுத்திருந்தாள், இரண்டாவது தடவை, அதற்கப்புறம் பிள்ளையே தங்கவில்லை. அப்பா மரம் இழைக்கிற இழைப்புளியை நிறுத்தவில்லை. பெட்டி செய்யச் சொல்ல ஆள் வந்தது, ஊரில் பெட்டிக்கு அவரை விட்டால் ஆளில்லை. அளவு எடுக்க வாறீரா என்றார்கள். அளவு எதுக்கு, ஐந்தடி ஒன்பது என்றார் அப்பா. செய்தார். இடுப்புயரத்துக்கு மரச்சுருள் குவிந்தது. மூடியின் உள்பக்கத்தை, யாரும் பார்க்காத பக்கத்தை, கையால் தடவித் தடவி இழைத்தார். பெட்டி சுவருக்கு அந்தப் பக்கம் போனது. அவர் போகவில்லை. படுக்கையிலிருந்து அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், எழுந்து போய் அப்பா சிரிச்சது நான் என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொல்லவில்லை. அப்பா போன பிறகு சொல்லவும் ஆளில்லை. தெரிந்தவன் ஒருத்தன்தான், அவன் அதை வைத்து ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்ததோ என்னவோ, அம்மாவின் குழிமேட்டில் அவனைப் பார்த்ததும் அவ்வளவு பெரிய வார்த்தை எங்கிருந்து வந்தது.

கீரை சுளகு நிறைந்துவிட்டது. அவள் காம்புகளைக் கூட்டி அள்ளினாள், எழுந்திருக்கும்போது முட்டு சொன்னபடி கேட்கவில்லை, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணி பதினொன்று இருபது. போன் அடிக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது, அதையும் நினைத்துவிட வேண்டியதுதான். எட்டு வருஷத்துக்கு முன்னால், திருநெல்வேலியில் ஒரு கல்யாண வீட்டில், பாக்கியத்தம்மாளின் மருமகள் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "உங்க தம்பிய நீங்க அப்படிப் பேசிருக்கக் கூடாது மைனி. மூணு தடவ பொட்டி மூட வந்தாவ. மூணு தடவையும் மேல விழுந்து மறிச்சாரு, எங்க அக்கா வாறா, எங்க அக்கா வாறான்னு. அம்மைக்கு வயிறு ஊத ஆரம்பிச்சிட்டு. மூக்குல பஞ்சு நிக்கல. பெரியவங்கதான் பிடிச்சு இழுத்துட்டுப் போனாவ." புஷ்பம் அப்படியா என்றாள். ரசம் விட்டார்கள், வாங்கிக்கொண்டாள். அன்றைக்கே பஸ் பிடித்திருந்தால் ஒன்றரை மணி நேரத்தில் ஊர். பிடிக்கவில்லை. ஜோலார்பேட்டைக்கு ரயில் ஏறினாள். போகலாம், போய் என்னவென்று சொல்வது. போய் நின்றால் ஊர் பார்க்கும். பார்த்தியா, செத்தாலும் சொல்லாதன்னு சொன்னவ வந்து நிக்கா என்று யாராவது. யாராவது ஒருத்தர் சிரித்துவிட்டால். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் போகலாம் என்று வைத்தாள், பிறகு தங்கதுரைக்கு உடம்பு முடியாமல் போனது, பிறகு அவர் போனார், பிறகு இவ்வளவு நாள் கழித்து எப்படி என்று ஆனது, நாள் ஆக ஆக நாளே காரணம் ஆகிவிட்டது. தெரியாமல் இருந்தது நாலு வருஷம். தெரிந்த பிறகு எட்டு. அப்பாவாவது சிரித்தது யார் என்று தெரியாமல் போனார்.

அவள் கையைக் கழுவித் துடைத்தாள். விரலில் கீரைச் சாறு பச்சையாக ஏறியிருந்தது. பெயரை அழுத்தினாள், உடனே நிறுத்தப் பார்த்தாள், எதை அழுத்தினால் நிற்கும் என்று தேடுவதற்குள் அங்கே மணி போக ஆரம்பித்துவிட்டது. ஒன்று. இரண்டு. ஷீலா எடுத்தால் என்ன கேட்பது. மூன்று. அழுகைச் சத்தம் கேட்டால் வைத்துவிட வேண்டும், இல்லை, வைக்கக் கூடாது. நான்காவதில் எடுத்தார்கள். பின்னால் எங்கோ நாற்காலி இழுபட்டது, ஒரு பெண்குரல் ஏதோ எண் சொல்லிக் கூப்பிட்டது.

"அக்கா."

அவள் சுவரில் சாய்ந்தாள். குரல் தடித்திருந்தது, அப்பாவின் குரல் மாதிரி ஆகிவிட்டது. "ம்," என்றாள்.

"நாந்தான். ஆசீரு."

"தெரியுது. கூப்பிட்டிருந்தியே."

"ஆமா. கை தவறிப் பட்டுட்டு."

சரி என்று சொல்லி வைத்துவிடலாம். அவன் அப்படி வைப்பதற்குத் தோதாகத்தான் சொல்லியிருக்கிறான், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறான். சரி என்ற சொல் அவளுக்கு வாய் வரைக்கும் வந்தது.

"பொய் சொல்லாதல," என்றாள்.

அவன் மூச்சு விடுவது கேட்டது. "ஆஸ்பத்திரில இருக்கேன். பாளையங்கோட்டைல. பயப்படாத, ஒண்ணுமில்ல. நெஞ்சுல கொஞ்சம் பாரமா இருந்துச்சு, டெஸ்ட் எடுக்கச் சொல்லிட்டாவ. இங்க ஒரு நர்ஸ் பிள்ள பேப்பர வச்சிக்கிட்டு ஒவ்வொண்ணாக் கேட்டுது. அப்பா எதுல இறந்தாவ, அம்மா எதுல இறந்தாவன்னு. சொன்னேன். கூடப்பிறந்தவங்க இருக்காங்களான்னு கேட்டுது. ஒரு அக்கா உண்டுன்னேன். அவங்களுக்கு சுகர் பிரஷர் உண்டான்னு கேட்டுது." நிறுத்தினான். "தெரியாதுன்னு சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லிட்டேன். அதான் போட்டேன். ரெண்டு ரிங் போச்சு, வச்சிட்டேன்."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"உனக்கு சுகர் இருக்காக்கா?"

"இருக்குல. அவிய இறந்த வருசத்துலேர்ந்து. அஞ்சு வருசம் ஆச்சி. மாத்திரதான், ஊசி இல்ல."

"அத்தான் போனது எனக்கு ஒரு மாசம் கழிச்சுத்தான் தெரியும்."

"நான் சொல்லல."

"பிரஷரு?"

"அதும் இருக்கு."

போன் காதைவிட்டு விலகுகிற சத்தம் கேட்டது. தூரத்தில் அவன் யாரிடமோ சொன்னான்: "சிஸ்டர், எங்க அக்காவுக்கு ரெண்டும் இருக்காம்." எங்க அக்காவுக்கு. பந்தியில் பேசுவதுபோல, நேற்றும் முந்தாநாளும் பேசியவளைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னான். புஷ்பம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"கூட யாருல இருக்கா?" என்று கேட்டாள், குரலைச் சரிசெய்துகொண்டு.

"யாருமில்ல. ஷீலா மகள் வீட்டுக்குப் போயிருக்கா, அவளுக்கு இன்னும் சொல்லல. சாயங்காலம் சொல்லிக்கிடலாம்."

தனியாக. நெஞ்சில் பாரத்தோடு பஸ் ஏறி வந்திருக்கிறான். "ஆசீரு," என்றாள். "அம்மை பொட்டிய மூணு தடவ மறிச்சியாமே."

"யாரு சொன்னா?"

"சொன்னாவ. எட்டு வருசமாத் தெரியும்ல எனக்கு. தெரிஞ்சிக்கிட்டேதான் இருந்தேன்."

"சரிக்கா," என்றான். அன்றைக்கு ரயிலில் வரும்போது ஒவ்வொரு தடவையும் சொன்ன அதே சரிக்கா. "முகத்த நீ பாக்காம இருந்ததே நல்லதுன்னு நினைச்சுக்க. நான் பாத்துட்டேன்."

சிரித்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று அவள் வாயெடுத்தாள். இப்போது விட்டால் எப்போது. "அன்னிக்குப் பெரியப்பா வீட்டுல," என்று ஆரம்பித்தாள். அதற்குள் பெண்குரல் ஆசீர்வாதம், ஆசீர்வாதம் யாருங்க என்று கேட்டது.

"கூப்பிடுதாவ. வைக்கட்டுமாக்கா?"

"வைக்காத. சட்டைப் பையில போட்டுக்க."

"எதுக்கு?"

"சும்மா கெடக்கட்டும்."

துணி உரசியது, சரசரவென்று, பிறகு நடக்கிற அசைவு, சட்டைப் பையிலிருந்த சில்லறையும் சாவியும் குலுங்கின. ஒரு கதவு. ஏசியின் இரைச்சல். எடை பாருங்க என்று யாரோ சொன்னார்கள். அறுபத்தாறு. வயசு என்று கேட்டார்கள், ஐம்பத்தெட்டு என்றான். அறுபதுல, மாசி வந்தா அறுபத்தொண்ணு என்று புஷ்பம் சமையலறையில் சத்தமாகச் சொன்னாள். அவனுக்குக் கேட்டிருக்காது. சட்டையக் கழட்டிட்டு இடது பக்கமாத் திரும்பிப் படுங்க ஐயா என்றது அந்தப் பெண்குரல். போன் ஊசலாடியது, எங்கோ ஆணியில் மாட்டுகிறார்கள், குரல்கள் தள்ளிப் போயின. ஆளில்லாத சட்டைக்குள்ளிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டில் கிரீச்சிட்டது. இருமினான். ஏதோ மெஷின் ஓட ஆரம்பித்தது.

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோங்க. நான் சொன்ன பிறகு விட்டாப் போதும்."

புஷ்பமும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சுவரில் தலையைச் சாய்த்து, போனைக் காதோடு அழுத்தி, விடுங்க என்று அந்தப் பெண் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.